பாட்டிக்கும் பதக்கம் உண்டு

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் மச் வென்லாக் என்றொரு சிற்றூர். 1850 அக்டோபரில் அந்த ஊர் டாக்டர் வில்லியம் பென்னி புரூக்ஸ் அங்கே ஒரு விளையாட்டு விழாவைத் தொடங்கிவைத்தார். ஓட்டம், கிரிக்கெட், கால்பந்து, வளையம் எறிதல் எல்லாம் இருந்தன. அடுத்தடுத்த ஆண்டுகளில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி ஓட்டும் பந்தயம் சேர்ந்தது. மூதாட்டிகளுக்கென்றே ஓர் ஓட்டப் பந்தயமும் நடந்தது. வென்றவருக்கு ஒரு பவுண்டு தேயிலை பரிசு. நம் கணக்கில் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

புரூக்ஸ் அந்த விழாவுக்கு ஒலிம்பியன் விளையாட்டுகள் என்றே பெயர் வைத்தார். கொடி கட்டிய தெருக்கள் வழியாக, பேண்டு வாத்தியம் முன்னே செல்ல, ஊரே ஊர்வலமாக மைதானத்துக்குப் போகும். வென்றவர்களுக்கு மாலை சூட்டுவார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பல போட்டிகள் வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே. உடலுழைப்புத் தொழிலாளி பெயர் கொடுக்க முடியாது. வென்லாக்கில் யாரும் வரலாம். குடியிலும் நோயிலும் சீரழிந்த தன் ஊர்க்காரர்களைத் தினமும் பார்த்த மருத்துவர் அவர். மைதானத்துக்கு வந்தால் உடம்பு தேறும் என்று உறுதியாக நம்பினார்.

1890 அக்டோபரில் பிரான்ஸிலிருந்து ஓர் இளைஞர் அந்த விழாவைப் பார்க்க வந்தார். 27 வயது பியர் தெ கூபெர்த்தன். அவருக்காகவே தனியாக ஒரு விழா நடத்திக் காட்டினார்கள். மைதானத்தில் அவர் கையால் ஓர் ஓக் மரக்கன்று நடவைத்தார்கள். ஊர் திரும்பியதும், ஒலிம்பிக் உணர்வு இன்னும் உயிரோடு இருப்பதற்கு இந்த ஆங்கிலேய மருத்துவரே காரணம் என்று கூபெர்த்தன் எழுதினார். 6 ஆண்டுகளில், 1896 ஏப்ரலில், அவர் முயற்சியால் ஏதென்ஸில் நவீன ஒலிம்பிக் தொடங்கியது. அதைக் காண புரூக்ஸ் இல்லை. 4 மாதங்களுக்கு முன், 1895 டிசம்பரில், இறந்துவிட்டார்.

உலகமே உட்கார்ந்து பார்க்கும் ஒரு விழா, சிற்றூர் மைதானத்தில் மூதாட்டிகள் ஓடிய பந்தயத்திலிருந்து கிளைத்தது என்பதை இன்று நினைத்துப் பார்ப்பவர் குறைவு. குடும்பமாகச் சேர்ந்து வீட்டு முற்றத்திலோ தோப்பிலோ தெருமுனைத் திடலிலோ ஒரு சின்ன ஒலிம்பிக் நடத்துகிறவர்களை, டிவியில் கண்டதைப் பார்த்து ஆசைப்படுகிறார்கள் என்று சிலர் நினைக்கலாம். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. பெரிய விழாதான் சின்ன விழாவிடமிருந்து கற்றுக்கொண்டது.

மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கின் கதையும் இப்படித்தான். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்து வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், போரில் முதுகெலும்பு அடிபட்டவர்களுக்கு ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனையில் சிகிச்சை அளித்தார். 1948 ஜூலை 29 அன்று லண்டனில் ஒலிம்பிக் தொடங்கியது. அதே நாளில் அவர் தன் மருத்துவமனைப் புல்வெளியில் ஒரு வில்வித்தைப் போட்டி வைத்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்லை வளைத்தவர்கள் 16 பேர். அவர்களில் 2 பேர் பெண்கள். அதிலிருந்து வளர்ந்து, 1960-இல் ரோமில் நடந்த முதல் பாராலிம்பிக்குக்கு 23 நாடுகளிலிருந்து சுமார் 400 பேர் வந்தார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கின் சின்னப் பொம்மைக்கு வென்லாக் என்றும், பாராலிம்பிக் பொம்மைக்கு மேண்டவில் என்றும் பெயர் சூட்டியது இந்த இரண்டு புல்வெளிகளின் நினைவாகத்தான்.

வீட்டுக் கொல்லையிலேயே உலகத் தரப் போட்டி நடந்ததும் உண்டு. கொரோனா காலத்தில் மைதானங்கள் பூட்டிக் கிடந்தபோது, 2020 மே 3 அன்று, கோலூன்றித் தாண்டும் வீரர்கள் மூவர் அவரவர் வீட்டுத் தோட்டத்தில் நின்றபடி இணையம் வழியே மோதினார்கள். 5 மீட்டர் உயரத்தை 30 நிமிடத்தில் எத்தனை முறை தாண்டுவது என்பதுதான் பந்தயம். ஸ்வீடனுக்காக ஆடும் அர்மாண்ட் டூப்ளாண்டிஸ் அமெரிக்காவின் லூசியானாவில் பெற்றோர் வீட்டுக் கொல்லையிலிருந்து 36 முறை தாண்டினார். பிரான்ஸின் ரெனோ லாவிலெனியும் சரியாக 36. அமெரிக்கர் சாம் கெண்ட்ரிக்ஸ் 26. முதல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். டூப்ளாண்டிஸுக்கு அந்தக் கொல்லை புதிதில்லை. அப்பா கோலூன்றித் தாண்டுபவர், அம்மா ஹெப்டத்லான் வீராங்கனை. சின்ன வயதில் அவர் தாண்டக் கற்றதே அப்பா அங்கே அமைத்த மெத்தையில்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 6.25 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியவரும் அவரே.

நம் வீடுகளுக்கு வருவோம். காணும் பொங்கல், கோடை விடுமுறை, குலதெய்வக் கோவில் பூசை, கல்யாணத்துக்கு மறுநாள் என்று இருபது முப்பது பேர் கூடும் நாட்கள் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. கயிறு இழுத்தல், சாக்கு ஓட்டம், லெமன் ஸ்பூன், உறியடி என்று பொங்கல் விளையாட்டுகளும் நமக்குப் பழக்கம். இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்கு முட்டி உடைத்தல், கிடுகு பின்னுதல், தலையணைச் சண்டை என்று ஊரே திரளும். ஆகவே போட்டி நடத்த யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை எல்லாருக்குமான போட்டியாக நடத்துவதில்தான் கோட்டை விடுகிறோம்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். கல்லூரியில் படிக்கும் பெரியப்பா மகன் எல்லா ஓட்டத்திலும் ஜெயிப்பான். 6 வயதுக் குழந்தை இரண்டு முறை தோற்றதும் அழுதுகொண்டே அம்மா மடிக்கு ஓடும். தாத்தாவும் பாட்டியும் நாற்காலியில் உட்காரவைக்கப்படுவார்கள். கடைசியில் பரிசு கொடுக்கும்போது மட்டும் எழுந்திருப்பார்கள். அத்தைகளும் சித்திகளும் அண்டாவில் சாம்பார் கொதிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆண்கள் கயிறு இழுப்பார்கள், பெண்களுக்குக் கோலப் போட்டி ஒன்று மீதமிருக்கும்.

ஒலிம்பிக்கும் இந்தத் தவறைச் செய்துதான் தொடங்கியது. 1896 ஏதென்ஸில் ஒரு பெண்கூட ஆடவில்லை. 1900 பாரிஸில் பங்கேற்ற 997 பேரில் பெண்கள் 22 பேர். ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிசமமாக இடம் ஒதுக்க அதே பாரிஸில் 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு குடும்பம் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். போட்டி நாளன்று மதியச் சாப்பாட்டை வெளியே சொல்லிவிடலாம். அல்லது முந்தின இரவே ஆண்களும் சேர்ந்து புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிவைத்துவிடலாம். விசில் ஊதிய பிறகு அடுப்படியில் யாரும் இருக்கக் கூடாது என்பதை முதல் விதியாக எழுதிவைப்பது நல்லது. இந்த ஒன்றைச் செய்யாத குடும்பத்தில் மற்ற ஏற்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் விழா பாதிப் பேருக்குத்தான்.

அடுத்து, எந்தப் போட்டிகள்? ஒலிம்பிக் கைவிட்ட போட்டிகளின் பட்டியலைப் புரட்டினால் வீட்டுக்கு உகந்தவை பல கிடைக்கும். நின்ற இடத்திலிருந்தே நீளம் தாண்டுவது ஒரு காலத்தில் ஒலிம்பிக் போட்டி. 1912-க்குப் பிறகு அது இல்லை. அமெரிக்கரான ரே யூரி, சிறுவயதில் போலியோ தாக்கிச் சக்கர நாற்காலியில் இருந்தவர். கால்களுக்குத் தானே பயிற்சி கொடுத்து எழுந்து, 1900 முதல் 1908 வரை நடந்த மூன்று ஒலிம்பிக்குகளில் நின்றபடி தாண்டும் போட்டிகளில் மட்டும் 8 தங்கம் வென்றார். 1904-இல் அவர் தாண்டிய தூரம் 3.47 மீட்டர். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு, கையில் ஓர் இஞ்ச் டேப். வேறு எதுவும் தேவையில்லை. ஓடி வரும் இடம் வேண்டாம் என்பதால் சின்ன முற்றமே போதும். கோட்டிலிருந்து, அதற்கு மிக அருகில் பதிந்த குதிகால்வரை அளக்க வேண்டும். 3.47 மீட்டரில் இன்னொரு கோடு போட்டு யூரியின் பெயரை எழுதிவைத்தால், வீட்டு இளைஞர்கள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பத் திரும்பத் தாண்டுவார்கள்.

கயிறு இழுத்தலும் 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கில் இருந்தது. அதில் நமக்கு உதவும் தகவல் ஒன்று உண்டு. 1900-இல் தங்கம் வென்ற அணி ஒரே நாட்டுக்காரர்களுடையதல்ல. டென்மார்க், ஸ்வீடன் இரண்டு நாட்டவரும் கலந்த அணி. குடும்ப விழாவிலும் பெரியப்பா வீடு ஓர் அணி, சித்தப்பா வீடு ஓர் அணி என்று பிரிக்காமல் இருப்பதே நல்லது. பங்காளிகளுக்கு நடுவே பழைய பாகப்பிரிவினைக் கசப்பு எங்காவது ஒளிந்திருக்கும். கயிற்றின் இரு முனையில் அது வெளியே வரும். சீட்டுக் குலுக்கி அணி பிரித்தால், பேசிப் பழகாத மாமாவும் மருமகனும் ஒரே பக்கம் நின்று இழுக்க நேரும். அணிகளுக்கு நாட்டுப் பெயர் வைத்துவிட்டால் பிள்ளைகளுக்கு இன்னொரு வேலையும் கிடைக்கிறது. கென்யா, ஜமைக்கா, ஜப்பான் என்று ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு, கொடி வரைந்து, அந்த நாட்டு வீரர் ஒருவரைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும்.

வயதானவர்களுக்கு பொச்சா மாதிரி பொருத்தமான விளையாட்டு வேறில்லை. மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்காக வளர்ந்து, 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கும் விளையாட்டு இது. முதலில் ஒரு வெள்ளைப் பந்தை வீசுவார்கள். பிறகு ஒருவர் சிவப்புப் பந்துகள் ஆறையும், மற்றவர் நீலப் பந்துகள் ஆறையும் அதற்கு எவ்வளவு கிட்டத்தில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கிட்டத்தில் வீச வேண்டும். எதிராளியின் பந்தைத் தட்டி விலக்கலாம், வெள்ளைப் பந்தையே நகர்த்தலாம். முழுக்க உட்கார்ந்தே ஆடுவது. கடையில் வாங்க வேண்டியதில்லை. பழைய வேட்டித் துணியில் புளியங்கொட்டையோ அரிசியோ நிரப்பித் தைத்தால் கனமான, அதிகம் உருளாத பந்து தயார். குறி தப்பாமல் எறிவதில் வயது குறுக்கே வராது. பல்லாங்குழி ஆடிப் பழகிய பாட்டியின் கை கல்லூரிப் பையனின் கையைவிட நிதானமாக இருக்கும்.

இன்னொன்று, 30 நொடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்காருவது என்பது. முதியோரின் கால் வலுவைச் சோதிக்க மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் உண்மையாகவே பயன்படுத்தும் முறை இது. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொள்ள வேண்டும். நாற்காலி சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் கீழே விழாமலிருக்க, வாரத்தில் 3 நாளாவது சமநிலைக்கும் உடல் வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடல் வியர்க்க ஆட வேண்டும் என்பதும் அதே நிறுவனத்தின் கணக்கு. போட்டிக்காகத் தாத்தா இரண்டு வாரம் வீட்டில் எழுந்து உட்கார்ந்து பழகினால், பதக்கம் வராவிட்டாலும் முழங்காலுக்கு நல்லது.

ஓட முடியாதவர்கள், ஓடப் பிடிக்காதவர்களுக்குக் கேரம், சதுரங்கம், நொண்டி, கிடுகு பின்னுதல், பூ கட்டுதல் எதையும் சேர்க்கலாம். பூ கட்டுதல் ஒலிம்பிக்கில் இல்லையே என்று யாராவது கேட்டால், 1912 முதல் 1948 வரை ஓவியம், சிற்பம், இசை, இலக்கியம், கட்டடக் கலைக்கும் ஒலிம்பிக்கில் பதக்கம் கொடுத்தார்கள் என்று சொல்லிவிடலாம். பலகை விளையாட்டுகளைக் குறைவாக எடைபோட வேண்டாம். டிவி பார்ப்பதைக் குறைக்கத்தான் சென்னைச் சிறுமி வைஷாலியைப் பெற்றோர் சதுரங்க வகுப்பில் சேர்த்தார்கள். அக்காவைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தாவும் காய் நகர்த்தினார். உலகில் அக்கா தம்பி இருவரும் கிராண்ட்மாஸ்டர் ஆனது இவர்கள் வீட்டில்தான் முதலில். 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த 44-ஆவது செஸ் ஒலிம்பியாடில் இருவரும் ஆடினார்கள். 2024-இல் புடாபெஸ்டில் இந்தியா இரு பிரிவிலும் தங்கம் வென்றபோது இருவரும் அந்த அணிகளில் இருந்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் சென்னையின் காசிமா 3 தங்கம் வென்றார். அவருடைய அப்பா ஆட்டோ ஓட்டுநர்.

இப்போது இந்த விழாவின் உயிர்நாடிக்கு வருகிறோம். 8 வயதுப் பெண்ணும் 20 வயதுப் பையனும் ஒரே பந்தயத்தில் எப்படி ஓடுவது? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஸ்டாவெல் என்ற ஊர் உண்டு. தங்கச் சுரங்கங்களால் எழுந்த ஊர். அங்கே 1878 முதல் ஈஸ்டர் காலத்தில் ஸ்டாவெல் கிஃப்ட் என்ற ஓட்டப் பந்தயம் நடக்கிறது. புல்தரையில் 120 மீட்டர். எல்லாரும் ஒரே கோட்டிலிருந்து புறப்பட மாட்டார்கள். ஒவ்வொருவரின் முந்தைய வேகத்தைப் பார்த்து, மெதுவாக ஓடுபவரை முன்னே நிற்க வைக்கிறார்கள். சர்வதேச வீரர் கடைசிக் கோட்டிலிருந்து எல்லாரையும் துரத்தி வர வேண்டும். யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம் என்பதால்தான் ஒரு சின்ன ஊரின் பந்தயத்துக்கு இத்தனை ஆண்டுகளாகக் கூட்டம் கூடுகிறது.

வீட்டில் இதைச் செய்யப் பெரிய கணக்கு வேண்டாம். காலையில் எல்லாரையும் தனித்தனியாக 30 மீட்டர் ஓடவைத்து, செல்போனில் நேரம் குறிக்க வேண்டும். அண்ணன் 5 நொடியில் ஓடுகிறான், தங்கை 8 நொடியில் ஓடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் முடிக்கும் 5 நொடியில் தங்கை கடக்கும் தூரம் ஏறத்தாழ 19 மீட்டர். ஆகவே அவள் 11 மீட்டர் முன்னே நின்று புறப்பட வேண்டும். இடம் அளக்கச் சிரமமாக இருந்தால் இன்னும் சுலபமான வழி: தங்கை ஓடத் தொடங்கி 3 நொடி எண்ணிய பிறகு அண்ணனை விடலாம். மாமா, அத்தை, சித்தப்பா எல்லாருக்கும் இதே கணக்குதான். இப்படி நடத்தினால் கடைசி ஐந்து மீட்டரில் எல்லாரும் ஒரே கொத்தாக வருவார்கள். பார்ப்பவர்களின் தொண்டை கட்டும். அண்ணனும் வாழ்க்கையிலேயே முதல் முறையாக முழு மூச்சோடு ஓடுவான்.

சூட்சுமக்காரர்கள் காலை ஓட்டத்தில் வேண்டுமென்றே மெதுவாக ஓடுவார்கள். ஸ்டாவெலிலும் இந்தத் தந்திரம் உண்டு. அதைக் கண்டுபிடித்துத் தண்டிக்க அங்கே கண்காணிப்பாளர்கள் இருக்கிறார்கள். காலையில் ஓடியதைவிட ஒரு நொடிக்கு மேல் வேகமாக ஓடினால் அந்த வெற்றி செல்லாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். தாண்டுதல், எறிதல் போட்டிகளுக்கு வேறு வழி உண்டு. மூன்று வாய்ப்பில் தன்னுடைய முதல் தூரத்தை யார் அதிகம் கூட்டிக்காட்டுகிறார்களோ அவருக்கும் ஒரு பதக்கம்.

விதி என்றதும் சிரிப்பவர்கள் 1908 லண்டன் ஒலிம்பிக்கை நினைத்துக்கொள்ளலாம். கயிறு இழுத்தலில் லிவர்பூல் போலீஸ் அணி கனமான பூட்ஸ் போட்டுவந்தது. அது அநியாயம் என்று அமெரிக்க அணி முறையிட்டது. முறையீடு எடுபடாததால் வெளியேறிவிட்டது. அதே ஒலிம்பிக்கின் 400 மீட்டர் இறுதிப் போட்டி இன்னும் மோசம். முந்திச் செல்பவரைத் தடுத்து ஓடலாமா என்பதில் அமெரிக்க விதியும் பிரிட்டன் விதியும் வேறு வேறு. தடுத்ததாக ஓர் அமெரிக்கர் நீக்கப்பட்டார். கயிறு கட்டித் தடம் பிரித்து மறுபடியும் ஓடச் சொன்னபோது மற்ற இரு அமெரிக்கர்கள் வர மறுத்தார்கள். பிரிட்டனின் விண்டம் ஹால்ஸ்வெல் தன்னந்தனியாக ஓடித் தங்கம் வாங்கினார். ஒலிம்பிக் வரலாற்றில் எதிராளியே இல்லாமல் ஒருவர் ஓடி வென்ற இறுதிப் போட்டி அது ஒன்றுதான். 1912-இல் உலகத் தடகளச் சம்மேளனம் உருவாகி எல்லா நாட்டுக்கும் ஒரே விதி வகுத்ததற்கு இத்தகைய சண்டைகளே காரணம்.

வளர்ந்த நாடுகளுக்கே இந்தப் பாடு என்றால் அத்தை பிள்ளைகளுக்கும் மாமா பிள்ளைகளுக்கும் நடுவே என்ன நடக்கும்? ஒவ்வொரு போட்டிக்கும் இரண்டே வரியில் விதி எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவது நல்லது. கயிறு இழுக்க எல்லாரும் வெறுங்கால். எலுமிச்சம்பழம் விழுந்தால் விழுந்த இடத்திலிருந்தே தொடரலாம், கையால் தொட்டால் வெளியே. கோட்டில் ஒரு செல்போனை நிற்கவைத்து மெதுவாக ஓடும் வீடியோ எடுத்தால் யார் முந்தினார் என்ற வாக்குவாதம் பாதி குறையும். நடுவர் சொன்னதே முடிவு. நடுவராக, யார் பக்கமும் சாயாதவர் என்று குடும்பமே ஒப்புக்கொள்ளும் ஒருவரை வைக்க வேண்டும். பெரும்பாலும் அது ஒரு பெரியம்மாவாகவோ ஓய்வுபெற்ற ஆசிரியர் மாமாவாகவோ இருக்கும்.

சமநிலை வந்தால்? 2021 ஆகஸ்ட் 1 அன்று டோக்கியோவில் உயரம் தாண்டுதலில் கத்தாரின் முத்தாஸ் பார்ஷிமும் இத்தாலியின் ஜான்மார்கோ தம்பேரியும் 2.37 மீட்டரில் சமமாக நின்றார்கள். மேலும் தாண்டி முடிவு செய்யலாம் என்றார் அதிகாரி. இரண்டு தங்கம் தர முடியுமா என்று கேட்டார் பார்ஷிம். முடியும் என்றதும் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வீட்டில் கூடுதலாக ஒரு தங்கப் பதக்கம் செய்து வைத்திருப்பது நல்லது.

பதக்கத்துக்கும் ஒரு மரபு உண்டு. 1896-இல் முதலிடத்துக்கு வெள்ளிப் பதக்கமும் ஆலிவ் கிளையும் கொடுத்தார்கள். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற வரிசை 1904-இல்தான் வந்தது. டோக்கியோவில் மக்கள் கொடுத்த 62 லட்சம் பழைய செல்போன்களையும் மற்ற மின்னணுக் கழிவுகளையும் உருக்கிச் சுமார் 5000 பதக்கம் செய்தார்கள். பாரிஸ் பதக்கம் ஒவ்வொன்றிலும் ஈஃபிள் கோபுரத்தின் பழைய இரும்பு 18 கிராம் இருந்தது. பூர்வீக வீட்டை இடித்துக் கட்டிய குடும்பங்கள் இதைக் கவனிக்கலாம். பழைய ஓட்டுத் துண்டையோ கதவுக் குமிழையோ பதக்கத்தில் பதித்து, பாட்டியின் நைந்த புடவையைக் கிழித்து நாடாவாகக் கட்டினால், கடையில் வாங்கும் பிளாஸ்டிக் கோப்பை அதன் பக்கத்தில் நிற்காது.

ஊர்வலம், கொடி, உறுதிமொழி, மேடை எல்லாவற்றையும் விட்டுவிடாமல் செய்ய வேண்டும். வீரர்கள் உறுதிமொழி எடுப்பது 1920 ஆண்ட்வெர்ப்பில் தொடங்கியது. மூன்று படி மேடை 1932-இல் வந்தது. குழந்தைகளுக்கு இவைதான் விழா. வீட்டிலேயே வயதில் சிறியவர் உறுதிமொழி வாசிக்கட்டும். கவிழ்த்துப் போட்ட இரண்டு மரப்பெட்டிகளே மேடை. நிறைவு விழாவில் எல்லா நாட்டு வீரர்களும் கலந்து நடக்கும் வழக்கம் 1956 மெல்பர்னில் பிறந்தது. அங்கே வாழ்ந்த ஜான் இயன் விங் என்ற 17 வயது மாணவர், போரும் அரசியலும் மறந்து எல்லாரும் ஒரே நாடாக நடக்கட்டும் என்று ஒலிம்பிக் அமைப்பாளர்களுக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் அதை ஏற்றார்கள். அணிகளாகப் பிரிந்து ஆடிய சொந்தங்கள் பரிசளிப்புக்குப் பிறகு கலந்து நடந்து, ஒரே வரிசையில் சாப்பிட உட்காருவது அந்தக் கடிதத்தின்படியே.

எச்சரிக்கைகள் சில. சித்திரை வெயிலில் காலை 10 மணிக்கு மேல் ஓட்டம் வேண்டாம். மாலை 4 மணிக்குப் பிறகு மறுபடி தொடங்கலாம். நடுவே நிழலில் கேரமும் பொச்சாவும். நீர்மோர், பானகம், தண்ணீர் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மொட்டை மாடியில் ஓட்டப் பந்தயமும் சாக்கு ஓட்டமும் கூடவே கூடாது. கைப்பிடிச் சுவர் இடுப்பளவுதான். டைல்ஸ் தரையில் சாக்கு வழுக்கும். உறியடிக் கம்பு சுற்றும்போது பிள்ளைகளைக் கம்பின் நீளத்துக்கு இரு மடங்கு தள்ளி நிறுத்த வேண்டும். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொண்டு இழுக்கக் கூடாது. இதய நோய், ரத்த அழுத்தம், முழங்கால் அறுவைச் சிகிச்சை உள்ளவர்களை உற்சாகத்தில் ஓடச் சொல்லி வற்புறுத்துவது பெரிய தவறு. அவர்களுக்குத்தான் உட்கார்ந்து ஆடும் போட்டிகள் இருக்கின்றனவே.

முதல் முறை நடத்துகிறவர்கள் நாலு போட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: ஒன்று ஓட்டம், ஒன்று தாண்டுதல், ஒன்று உட்கார்ந்து ஆடுவது, ஒன்று கயிறு. ஒரு நீள நோட்டு வாங்கி, ஒவ்வொருவர் பெயருக்கு நேரே வயது, நேரம், தூரம் எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். யார் ஜெயித்தார் என்பது அடுத்த மாதம் மறந்துவிடும். 6 வயதில் 80 சென்டிமீட்டர் தாண்டிய குழந்தை 7 வயதில் எவ்வளவு தாண்டுகிறது, 30 நொடியில் 9 முறை எழுந்த தாத்தா அடுத்த ஆண்டு 10 முறை எழுகிறாரா என்பதைப் பார்க்க அந்த நோட்டு வேண்டும். காணும் பொங்கலுக்குச் சொந்தங்கள் எல்லாரும் வருவார்கள். யார் யார் எதில் ஆடுகிறார்கள் என்று இப்போதே கேட்டு எழுதத் தொடங்குங்கள். பாட்டியிடம் முதலில் கேளுங்கள்.